புரிஞ்சுதுங்க மிஸ்

ஜூன் 26, 1961. திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். பாலக்காட்டுக் காற்று. குடை இரண்டு முறை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, "மடக்கிக் கக்கத்துல வெச்சுட்டு நனைஞ்சுட்டே போங்க அம்மணி, கொடையாச்சும் மிஞ்சும்" என்றார்.

கல்லூரி திறந்தாயிற்று. எனக்கு இரண்டாவது வருடம். இன்னமும் தற்காலிக டியூட்டர். பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார். "வசந்தா, ஜூலைக்குள்ள உன்னைப் பத்தி கமிட்டிக்கு ரிப்போர்ட் எழுதணும். நல்லபடியா எழுதினா வேலை நிரந்தரம். இல்லேன்னா..." மீதியைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அந்த வாக்கியத்தை முடித்து வைத்தாள். "இல்லேன்னா கல்யாணம்."

இந்த வருடம் எனக்குக் கிடைத்தவை:
பி.ஏ. இரண்டாம் ஆண்டு, எதிக்ஸ் தாள். எது சரி, எது தப்பு, ஏன் என்று ஆராய்வது.
மாணவிகள் இருபத்தொரு பேர். பாதிப் பேர் ஹாஸ்டல்.
மாடிக் கோடி அறை. ஜன்னலில் ஒரு கதவு இல்லை.
சாக்பீஸ் ஒரு பெட்டி.
மேஜை விரிப்பு ஒன்று, தையல் வகுப்பின் நன்கொடை. இரண்டு கிளிகள், நடுவில் 'நல்வரவு'. ஒரு கிளிக்குக் கண் வைக்க மறந்துவிட்டார்கள்.

தீர்மானம்: நோட்ஸ் சொல்லி எழுத வைக்கப் போவதில்லை. கேள்வி கேட்பேன். அவர்கள் பேசுவார்கள். மறுத்துப் பேசுவார்கள். சென்னையில் எம்.ஏ. படித்தபோது ஒரே ஒரு ஆசிரியர் அப்படி நடத்தினார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லா மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 28, புதன்

முதல் கேள்வி வகுப்பு. படுதோல்வி.

பலகையில் எழுதினேன்: 'நன்மைக்காகப் பொய் சொல்லலாமா?' நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். இருபத்தொரு பேரும் கேள்வியை நோட்டில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு, பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம். காற்றில் ஒற்றை ஜன்னல் கதவு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"உங்க அபிப்பிராயம் என்ன?"

"நீங்க சொல்றதுதானுங்க மிஸ்."

"சொல்லலாம்னு சொல்றேன்."

"சரிங்க மிஸ்."

"இல்லை, சொல்லக்கூடாது."

"ஆமாங்க மிஸ், சொல்லக்கூடாதுங்க."

கடைசியில் வெறுத்துப்போய், "ரெண்டும் ரெண்டும் அஞ்சு" என்றேன். எழுதிக்கொண்டார்கள். முன் வரிசையில் காரமடை மரகதம் கையைத் தூக்கினாள். ஆஹா, ஒரு மறுப்பு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இதுக்குத் தனியா ஹெடிங் போடோணுமுங்களா மிஸ்?"

மணி அடித்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். ஒரே குரலில், "புரிஞ்சுதுங்க மிஸ்."

இந்தப் பக்கத்து மரியாதை உலகப் பிரசித்தம். எனக்கும் அதில்தான் பிறப்பும் வளர்ப்பும். பாத்திரக்காரனிடம் பேரம் பேசும்போதுகூட அம்மா அவனை வாங்க போங்க என்றுதான் திட்டுவாள். ஆனால் மறுக்கத் தெரியாத மரியாதையை வைத்துக்கொண்டு எதிக்ஸ் நடத்த முடியாது.

ஜூன் 30, வெள்ளி

ஸ்டாஃப் ரூம். காபி ஆறியிருந்தது. கோமதி அம்மாள் (சரித்திரம், பதினாலு வருட சர்வீஸ், இனி கோ.அ.) என் தோல்வியைக் கேட்டு மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார்.

"நோட்ஸ் சொல்லிப்போடு கண்ணு. அவங்களுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி, யுனிவர்சிட்டிக்கும் நிம்மதி."

கோ.அ.வின் நோட்ஸ் பழுப்பேறிய இருநூறு பக்க நோட்டு. கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார். மரகதத்தின் அக்கா ஆறு வருடத்துக்கு முன் இங்கே படித்தவள். அவளுடைய நோட்டைத்தான் மரகதம் இப்போது கொண்டுவருகிறாள். எழுத வேண்டிய அவசியமில்லை. கோ.அ. சொல்லச் சொல்ல விரலை ஓட்டிச் சரிபார்க்கிறாள். ஒரு பக்கத்து மார்ஜினில் பென்சிலால் அக்கா குறித்திருக்கிறாள்: 'இங்கே மிஸ் ஒரு ஜோக் சொல்லுவார். சிரிக்கவும்.' கோ.அ. அந்த இடத்துக்கு வருவதற்கு அரை வரி முன்பே மரகதம் சிரித்துவிட்டாளாம். அவருக்கு ஒரே பெருமை. "எவ்வளவு கூர்மையான புள்ளை பாரு" என்றார்.

சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் பயமாக இருந்தது. பதினாலு வருடம் கழித்து என் நோட்டின் மார்ஜினில் என்ன இருக்கும்?

நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவல், பக்கம் 212. ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். ஆனால் எல்லோரும் ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவர் கத்துகிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

ஜூலை 4, செவ்வாய்

இன்றைக்கு ஒரு கண்டுபிடிப்பு. நான் கண்டுபிடித்ததல்ல.

வகுப்பு முடிந்ததும் பொள்ளாச்சி கண்ணம்மாளை நிறுத்தி வைத்துக் கேட்டேன். கடைசி வரிசை, ஹாஸ்டல் பெண், யார் கண்ணிலும் படாமல் உட்காருவதில் நிபுணி. "உண்மையைச் சொல்லு கண்ணம்மா. நான் நடத்துறது உனக்குப் புரியுதா?"

"புரியுதுங்க மிஸ்."

"பொய்."

"ஆமாங்க மிஸ்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "எல்லாரு முன்னாலயும் வாயில சொன்னா உங்களுக்குக் கொறைச்சல் ஆயிப்போகுமுங்க. எங்கப்பா சந்தையில வாயில வெலையே சொல்ல மாட்டாருங்க. துண்டைப் போட்டுத்தான்..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

இவளுடைய அப்பா பொள்ளாச்சியில் மாட்டுத் தரகர். ஹாஸ்டலில் 'வியாபாரம்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகு விளக்கினாள். மாடு வாங்குகிறவர் கையையும் தரகர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். அதற்குள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. ஒரு விரல் பிடித்தால் ஒன்று, ஐந்தும் பிடித்தால் ஐந்து. பாதி விரலைக் கிள்ளினால் அரை. சுற்றிலும் ஐம்பது பேர் நிற்பார்கள், ஒருவருக்கும் தெரியாது. படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க டீ சாப்பிடலாம் என்று சேர்ந்தே போவார்கள்.

"கேட்டவருக்கும் கொறைச்சல் இல்லீங்க, சொன்னவருக்கும் கொறைச்சல் இல்லீங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

ஜூலை 5, புதன்

துண்டு இல்லை. மேஜை விரிப்பை உருவிக்கொண்டேன். கண்ணம்மாளின் பெயரை இழுக்கவில்லை. சந்தையில் பார்த்திருக்கிறேன் என்று ஒரு பொய். எதிக்ஸ் ஆசிரியை!

விதிகள்: ஒவ்வொருவராக மேஜைக்கு வர வேண்டும். கையை விரிப்புக்குள் விட வேண்டும். புரியவே இல்லை என்றால் என் ஒரு விரல். முழுக்கப் புரிந்தது என்றால் ஐந்தும். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஜன்னலைப் பார்ப்பேன்.

முதலில் வாயால் கேட்டேன். "போன வாரப் பாடம் புரிஞ்சுதா?" இருபத்தொரு 'புரிஞ்சுதுங்க'.

விரிப்புக்குள்:
ஒரு விரல்: பதினேழு பேர்.
இரண்டு விரல்: இரண்டு பேர்.
அரை விரல்: ஒருத்தி. கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. யாரென்று எனக்குத் தெரியாது. பொள்ளாச்சிக் கிள்ளல்.
ஐந்து விரல்: ஒருத்தி. பிடித்தவள் விடவே இல்லை. பயத்தில் மொத்தமாகப் பிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பலகையில் எழுதினேன். இருபத்தொரு பேரும் திரும்பித் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்திருக்கிறாள். ஒரு வருடமாக!

போன வாரப் பாடத்தை முதலிலிருந்து தமிழில் நடத்தினேன். மறுபடி விரிப்பு. இரண்டும் மூன்றுமாக வந்தது.

சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா தெரியவில்லை. வரும் வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன்.

ஜூலை 7, வெள்ளி

அப்பாவின் கதர்த் துண்டு ஒன்றை எடுத்துப் போனேன். விரிப்பில் கிளியின் நூல் விரலில் மாட்டுகிறது. காலையில் அப்பா வீடு முழுக்கத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா: "உங்க பொண்ணு காலேஜுல மாடு விக்கறாளாம், கொண்டுபோய்ப்போட்டா."

இன்று துண்டுக்குள் அபிப்பிராயம். கேள்வி: 'பசித்தவன் அடுத்தவன் தோட்டத்தில் இரண்டு தேங்காய் திருடினால் தப்பா?' தப்பு என்றால் ஒரு விரல், தப்பில்லை என்றால் இரண்டு.

ஒன்பது பேர் தப்பு. பன்னிரண்டு பேர் தப்பில்லை.

பலகையில் எழுதியதும் மரகதம், பொறுக்க முடியாமல்: "யாருங்க அந்தப் பன்னெண்டு பேரு?"

அவள் வீட்டில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு.

பின்னாலிருந்து ஒரு குரல்: "பசிக்குதுன்னு வந்தா நீங்க குடுக்க மாட்டீங்களாக்கும்?"

"கேட்டாக் குடுப்பமுங்க. கேக்காம எடுத்தா?"

"கேட்டா நாயை அவுத்து உடுவீங்க."

"எங்கூட்டு நாய் கடிக்காதுங்க."

"அது திருடனுக்குத் தெரியோணுமுங்களே!"

வகுப்பு பற்றிக்கொண்டது. இருபத்தொரு பேரும் பேசினார்கள். கேட்கக் காதுக்கு எவ்வளவு இனிமை! சண்டையிலும் ஒரு 'ங்க' குறையவில்லை. ஒருத்தி எழுந்து சொன்னாள்: "நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லலீங்க. அப்படி நெனைக்கறவங்களுக்கு மூளை இல்லைன்னுதானுங்க சொல்றேன்." அதற்கு மரகதம்: "ரொம்ப சந்தோசமுங்க."

மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த கோ.அ. வாசலில் நின்று, யாராவது மயங்கி விழுந்துவிட்டார்களா என்று கேட்டார்.

ஜூலை 10, திங்கள்

துண்டு ஹாஸ்டலுக்குப் பரவிவிட்டது. சமையல்காரம்மாளிடம் குழம்பு எப்படி என்று துண்டுக்குள் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது பேரிடமிருந்து வரிசையாக ஒரு விரல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதன்முறையாக அப்பளம் போட்டாளாம்.

கோ.அ. கேட்டார், "ஏன் கண்ணு, என்ற வகுப்புக்கு எத்தனை விரல் வரும்னு நெனைக்கற?" நான் ஜன்னலைப் பார்த்தேன். பழக்கமாகிவிட்டது.

ஜூலை 12, புதன்

மரகதம் வரவில்லை. நேற்றே ஊருக்குப் போனாளாம். ஆடி பிறக்கப் போகிறது. அதற்குள் பெண் பார்த்துவிட வேண்டுமென்று காரமடையில் அவசரம். மாப்பிள்ளைக்கு நூற்பாலையில் பெரிய வேலை.

முன் வரிசையில் காலியிடம். நல்ல பெண். ஹெடிங் போடும் பெண். இனி வருவாளோ மாட்டாளோ.

ஜூலை 14, வெள்ளி

பதினோரு மணிக்குப் பியூன் வந்து, பிரின்சிபால் கூப்பிடுவதாகச் சொன்னான். உள்ளே மரகதத்தின் அம்மா. பட்டுப்புடவை, காலை பஸ்ஸில் கசங்கியது. கோபத்திலும் எனக்காக எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு உட்கார்ந்து தொடர்ந்தார்.

"ஏனுங்க மேடம், நாங்க புள்ளையை பி.ஏ. படிக்கத் தாட்டி உட்டமா, மாட்டுச் சந்தைக்குத் தாட்டி உட்டமா?"

நடந்தது இது, அவர் சொன்னபடி. மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் கூடத்தில். காபி, பலகாரம் முடிந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார்: "புள்ளைக்குச் சம்மதந்தானே?" மரகதம் தலையைக் குனிந்து சரிங்க என்றால் முடிந்துவிடும். அவள் எழுந்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் முந்தானைக்குள் கையை விட்டாள்.

"நானு, புள்ளை பாசத்துல கையைப் புடிக்கறான்னு நெனைச்சுட்டனுங்க. விரலைப் புடிச்சு இழுக்கறா. நான் சிரிக்கறேன். இவ மறுபடியும் இழுக்கறா."

"எத்தனை விரல்?" இது பிரின்சிபால்.

"ஒண்ணுதானுங்க. எனக்கென்ன தெரியும்? மாப்பிள்ளையோட மாமனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவரு வாரம் தவறாம சந்தைக்குப் போற ஆளு. சீலை ஆடறதைப் பாத்துப்போட்டு, 'என்னங்க அம்மணி, வெலை படியலீங்களா?'ன்னு அத்தனை பேரு முன்னாலயும் கேட்டுப்போட்டாரு!"

பிரின்சிபால் சட்டென்று மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார். தோள் குலுங்கியது.

எல்லாம் வெளியே வந்துவிட்டது. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் எழுந்து போய்விட்டது. இப்போது அந்த அம்மாள் கேட்பது: இந்த மிஸ் இந்தக் காலேஜில் இருக்கக் கூடாது.

தலை நிமிர்ந்த பிரின்சிபால் கேட்டார்: "உங்களுக்குப் பையனைப் பிடிச்சிருந்துதுங்களா?"

அந்த அம்மாள், "என்னைய யாருங்க கேட்டாங்க? இப்பவுஞ் செரி, அப்பவுஞ் செரி" என்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலே இல்லை.

ஆனாலும் புகார் புகார்தான். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வெளியே வராண்டாவில் மரகதம் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. "மன்னிச்சுக்கோங்க மிஸ். வாயில சொல்லோணும்னுதான் நெனைச்சனுங்க. வரலீங்க."

"ஏன் பிடிக்கலை?"

"மாப்பிள்ளை பேசினது அத்தனையும் மனப்பாடமா இருந்துதுங்க மிஸ். நோட்ஸ் ஒப்பிக்கறாப்பல. ஒரு கேள்வி கேக்கலீங்க."

ஜூலை 15, சனி

பிரின்சிபாலின் தீர்ப்பு. சொன்னதை அப்படியே குறித்துக்கொள்கிறேன்.

"துண்டு இனிமே காலேஜ் கேட்டுக்குள்ள வரக்கூடாது. புதன்கிழமை உன் வகுப்புல நான் உட்காருவேன். துண்டில்லாம அந்தப் புள்ளைங்க வாயைத் திறந்தா, நீ அவங்களுக்கு என்னமோ சொல்லிக் கொடுத்திருக்கேன்னு கமிட்டிக்கு எழுதுவேன். வழக்கம்போல ஊமையா உட்கார்ந்திருந்தா, இவ்வளவு நாள் நீ நடத்தினது சந்தை வேடிக்கைன்னு எழுத வேண்டியிருக்கும். புகார் கையில இருக்கு வசந்தா. நான் வேற மாதிரி எழுத முடியாது."

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் பிரச்சினை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுபேச்சு இல்லாமல் எனக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். இது எனக்கு ஆறுதலா, அவளுக்குக் கொண்டாட்டமா தெரியவில்லை. தட்டில் நெய் ஊற்றிக்கொண்டே, "பல்லடத்துல ஒரு எடம் இருக்குது கண்ணு, பையன் நெறையப் படிப்பானாம்" என்றாள். என்ன படிப்பான் என்று கேட்டேன். "பேப்பரு."

ஜூலை 18, செவ்வாய்

நாளைக்கு நடத்தப் போகும் பாடம்: செயல் நல்லதா கெட்டதா என்பது விளைவைப் பொறுத்ததா, எண்ணத்தைப் பொறுத்ததா?

உதாரணம்: கிணற்றில் ஒரு குழந்தை விழுகிறது. மூன்று பேர் குதிக்கிறார்கள். ஒருவன் கூலி கிடைக்கும் என்று. இரண்டாமவன் இது தன் கடமை என்று. மூன்றாமவன் யோசிக்காமல், தன்னையறியாமல். எவனுடைய செயல் உயர்ந்தது?

பாடப்புத்தகத்தின்படி இரண்டாமவன்.

செய்ய வேண்டியவை:
நல்ல புடவை. நீலம் வேண்டாம், ராசியில்லை. (எதிக்ஸ் ஆசிரியை!)
துண்டு எடுக்கக் கூடாது. கைப்பையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.
மாணவிகளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்காகப் பேசுவார்கள். அதுவும் ஒரு ஒப்பித்தல்தான்.

மூன்றாவதைக் கடைப்பிடிப்பது கஷ்டமாக இருந்தது. வராண்டாவில் இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் "மழை வரும்போல" என்றேன்.

ஜூலை 19, புதன்

மூன்றாவது பீரியட். பிரின்சிபால் கடைசி வரிசையில், கண்ணம்மாளுக்குப் பக்கத்தில். கண்ணம்மாள் மூச்சே விடவில்லை. மரகதம் வந்திருந்தாள். அவளை நிறுத்திவிடவில்லை என்பதே பெரிய நிம்மதி.

பாடத்தை நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்தேன். கிணறு, குழந்தை, மூன்று பேர். பலகையில் படம்கூடப் போட்டேன். கிணறு இட்லிப் பானை மாதிரி வந்தது.

"எவன் செய்தது உயர்ந்தது? யாராவது சொல்லுங்க."

பேனாக்கள் நிமிர்ந்தன. பழைய இருபத்தொரு முகங்கள். பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். என் கை தானாக மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. விட்டேன்.

தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. பழக்கத்தில் வாய் அதுவாகக் கேட்டது. "சரி. புரிஞ்சுதா?"

இருபத்தொரு 'புரிஞ்சுதுங்க'வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

மரகதம் எழுந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"எனக்குப் புரியலீங்க மிஸ்."

வாயால். எல்லோர் முன்னாலும். பிரின்சிபால் முன்னால்.

அவள் உட்காருவதற்குள் பக்கத்துப் பெண்: "எனக்கும் புரியலீங்க மிஸ். கொழந்தை பொழைச்சுதுங்களா இல்லீங்களா? அதைச் சொல்லாம எப்படீங்க மார்க் போடறது?"

அடுத்தவள்: "கூலிக்குக் குதிச்சவனும் நனைஞ்சுதானுங்க வந்தான். அவனை எதுக்குங்க கொறைச்சுப் பேசறது?"

அடுத்தவள்: "மூணு பேருக்கும் நீச்சல் தெரியுமுங்களா?"

அடுத்தவள்: "எனக்கு மொதல்ல இருந்தே புரியலீங்க."

வரிசை வரிசையாக எழுந்தார்கள். எனக்குப் புரியலீங்க. எனக்கும் புரியலீங்க. எனக்கு இன்னைக்கு மட்டுமில்லீங்க, போன புதன்கிழமையும் புரியலீங்க. கோயிலில் தீபம் ஏற்றுவது போல ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் கண்ணம்மாள், பிரின்சிபாலின் தோளருகே நின்றுகொண்டு, வகுப்புக்கே கேட்கும் குரலில்: "எங்கூர்ல மூணு பேருமே குதிக்க மாட்டாங்க மிஸ். மோட்டாரை நிறுத்திப்போட்டுக் கவுறு உடுவாங்க. எங்கப்பா ரெண்டு பேரை அப்படித் தூக்கியிருக்காருங்க. அவரு மாட்டுத் தரகருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு விட்டவனுக்குக் கடமையா கூலியா என்று முன் வரிசையில் அதற்குள் சண்டை தொடங்கியிருந்தது.

மணி அடித்தது. பிரின்சிபால் எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

வகுப்பு முழுவதுக்கும் எதுவும் புரியவில்லை என்று அவர் காதாலேயே கேட்டாயிற்று. ஸ்டாஃப் ரூமில் கோ.அ. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு அதிரசம் எடுத்து வைத்தார்.

எனக்கு வருத்தமில்லை. இல்லை, இருக்கிறது. இரண்டும்.

ஜூலை 20, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. தூறல். பல்லடத்துப் பையனின் புகைப்படம் வந்தது. கையில் நிஜமாகவே பேப்பர்.

ஜூலை 21, வெள்ளி

நாலு மணிக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ரிப்போர்ட், டைப் அடித்தது. "படி" என்றார். இங்கிலீஷில் இருந்தது. சாரம்:

'வகுப்பிலிருந்த இருபத்தொரு மாணவிகளும் எழுந்து நின்று, தம் சொந்தச் சொற்களில் பேசினார்கள். ஒருவர்கூட வாய்மூடி இருக்கவில்லை. இப்படி ஒரு வகுப்பை நான் இக்கல்லூரியில் கண்டதில்லை. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.'

இரண்டு தடவை படித்தேன்.

"இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

"இல்லைங்க மேடம். ஆனா என்ன பேசினாங்கன்னு..."

"கமிட்டி கேட்டா சொல்றேன். கேட்க மாட்டாங்க."

"மேடம், உண்மையை மட்டும் சொல்லி ஒருத்தரை வேற மாதிரி நினைக்க வைக்கறது பொய்யில சேருமா சேராதான்னு எங்க தாள்ல ஒரு பாடமே..."

"வசந்தா. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணுமுங்க."

கையெழுத்துப் போட்டார். உறையில் வைத்து ஒட்டினார். புகாருக்கு என்ன பதில் என்று கேட்டேன். மரகதத்தின் அம்மா நேற்றுக் கடிதம் போட்டிருக்கிறாராம். பெண் பரீட்சை முடிக்கும்வரை யாரும் பார்க்க வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். யார் சொன்னது என்றால், தான்தான் சொன்னாராம், வாய்விட்டு. புகாரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

எழுந்து கதவு வரை போய்விட்டேன்.

"நில்லு. அந்த மூணாவது ஆள். தன்னையறியாம குதிச்சவன். அவனுக்கு ஏன் பெருமை கிடையாதுங்கறே? ரெண்டு நாளா யோசிக்கறேன், எனக்குப் புரியலை. திங்கக்கிழமை அந்தப் பாடத்தை மறுபடி நடத்து. நானும் வந்து உட்காரறேன்."

ஆக, புரியாதவர்கள் இருபத்திரண்டு பேர்.

வீட்டுக்கு வந்ததும் நிரந்தரம் என்று அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷம் என்றாள். புகைப்படத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள், தூக்கிப் போடவில்லை. காபியுடன் உட்கார்ந்து திங்கட்கிழமைப் பாடத்தை எழுத ஆரம்பித்தேன். முதல் ஆள், ஒரு பக்கம். இரண்டாவது ஆள், ஒரு பக்கம். மூன்றாவது ஆள். அவன் யோசிக்கவில்லை, அதனால் அவனுக்குப் பெருமையில்லை, ஏனென்றால்.

ஏனென்றால்.

பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். எம்.ஏ. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் அழகாக, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு, புத்தகத்தில் உள்ள அதே வரி.

இருபத்துமூன்று.